விடை சொல்பவனும் சாட்சி சொல்பவனும்

மஃரிபுத் தொழுகைக்குப் பின் பிள்ளைகள் புத்தகப் பையை அவிழ்க்கும் வேளை, வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் ஒரு சோதனை வேளைதான். "வாப்பா, இதற்கு என்ன விடை எழுதுவது?" என்று ஏட்டை நீட்டும் பிள்ளைக்கு ஏதேனும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணக்குப் பாடமென்றால் கவலை குறைவு. தவறாகச் சொல்லிக் கொடுத்தாலும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் விடை நம்மைத் திருத்திவிடும். இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் அந்த வசதி இல்லை. நாம் சொன்னது பிள்ளையின் உள்ளத்தில் அப்படியே படிந்துவிடுகிறது. நாற்பது வயது மனிதர் ஒருவர் தம் முன்னோரைப் பற்றியும் அண்டை வீட்டாரைப் பற்றியும் கொண்டிருக்கும் எண்ணங்களைச் சற்றே அகழ்ந்து பார்த்தால், அடியில் கிடப்பது பெரும்பாலும் பத்து வயதில் யாரோ போகிற போக்கில் சொல்லி வைத்த விடையாகவே இருக்கக் காண்போம்.

நம் மார்க்கம் சாட்சியத்திற்கு எத்துணைக் கனம் கொடுத்திருக்கிறது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பொய்ச்சாட்சியைப் பெரும் பாவங்களுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறியுள்ளார்கள். நீதிமன்றக் கூண்டில் ஏறி நின்று சொல்வது மட்டுந்தானா சாட்சியம்? தன்னை முழுதும் நம்பும் ஒருவரிடம், அவர் கண்ணால் காணாத ஒரு காலத்தைக் குறித்து, "இது இப்படித்தான் நடந்தது" என்று உரைப்பவனும் சாட்சியே அன்றோ? அவனைக் குறுக்கு விசாரணை செய்ய அங்கே வக்கீல் இல்லை. அதனால் அவன் பொறுப்பு கூடுகிறதே அன்றிக் குறைவதில்லை. இந்தக் கண் கொண்டு பார்க்கும்போது, பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு உதவுவதென்பது ஓர் அறவினாவாகவே ஆகிவிடுகிறது.

விடையை அப்படியே எழுதிக் கொடுத்துவிடும் வழக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இளமைக் கால நிகழ்ச்சி ஒன்றை வரலாற்றாசிரியர் தாஜுத்தீன் சுப்கீ பதிவு செய்துள்ளார். ஜுர்ஜான் நகரில் பாடங்கேட்டு, கேட்டதை எல்லாம் ஏடுகளில் குறித்துக்கொண்டு, சொந்த ஊராகிய தூஸுக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர் மறித்து அவரிடமிருந்த யாவற்றையும் பறித்துக்கொண்டனர். இளைஞர் கஸ்ஸாலி கொள்ளையர் தலைவனைப் பின்தொடர்ந்து சென்றார். ஏடுகளை மட்டுமாவது திருப்பித் தருமாறும், அவை கொள்ளையருக்குப் பயன்படா என்றும், தாம் பயணம் செய்து கற்ற அறிவெல்லாம் அவற்றில்தான் உள்ளதென்றும் மன்றாடினார். தலைவன் நகைத்தான். ஏட்டைப் பறித்தவுடன் அறிவும் பறிபோய்விட்டதென்றால், கற்றேன் என்று எந்த வாயால் சொல்லிக்கொள்கிறாய் என்று கேட்டானாம். பிறகு ஏடுகளைத் திருப்பிக் கொடுக்கச் செய்தான். ஊர் வந்து சேர்ந்த கஸ்ஸாலி அக்குறிப்புகளை நெஞ்சில் ஏற்றுவதிலேயே மூன்று ஆண்டுகளைச் செலவிட்டார் என்கிறார் சுப்கீ.

கொள்ளையனின் அந்தக் கேள்வியைத் தேர்வு முடிந்த மறுநாள் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம்; நம்மிடமும் கேட்டுக்கொள்ளலாம். அன்றைய ஏட்டின் இடத்தில் பின்னர் அச்சிட்ட நோட்ஸ் வந்தது. இன்று கைப்பேசி வந்திருக்கிறது. கேள்வியை அதனுள் இட்டால், செயற்கை நுண்ணறிவு என்னும் ஒன்று, பத்து மதிப்பெண்ணுக்குரிய விடையை முன்னுரை முடிவுரையோடு நொடிப்பொழுதில் எழுதி நீட்டுகிறது. இதைக் கண்டு பலர் அங்கலாய்க்கிறார்கள். வாப்பா எழுதித் தந்த விடைக்கும் பொறி எழுதித் தந்த விடைக்கும், பிள்ளையின் உள்ளத்தைப் பொறுத்த மட்டில் பெரிய வேறுபாடு இல்லையென்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் வழியில் ஒருவன் பறித்துக்கொண்டு போய்விடலாம்.

எனினும், பிள்ளைக்கு எதையுமே சொல்லலாகாது, எல்லாவற்றையும் அதுவே கண்டறிய வேண்டும் என்று முழங்குவோரின் கட்சியில் நான் சேர மாட்டேன். ஹிஜ்ரத் நிகழ்ந்தது கி.பி. 622இல், பிளாசிப் போர் நடந்தது 1757இல் என்பவற்றை நேரே சொல்லிவிடுவதில் குற்றமில்லை. அங்கே 'நீயே கண்டுபிடி' என்று பிள்ளையை அலைக்கழிப்பது வீண் கொடுமை. காரணம் கேட்கும் கேள்வி வந்தால் நிலைமை மாறுகிறது. பிளாசியில் சிராஜுத்தௌலா ஏன் தோற்றார் என்ற கேள்விக்கு, மீர் ஜாபர் என்பவர் யார், அவர் எதை விரும்பினார், அவருடைய படை அன்று என்ன செய்தது என்று நாம் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்டாலே போதும். காரணத்தைப் பிள்ளை தானே கோத்துக்கொள்ளும். 'இப்பாடலின் நயத்தை எடுத்துரைக்க' என்ற கேள்வியோ எவரும் எவருக்கும் சொல்லித்தரக் கூடியதே அன்று. பாடலை வாய்விட்டு இருமுறை உடன் படிக்கலாம். எந்தச் சொல்லில் உன் காது நின்றது என்று கேட்கலாம். அதற்கு மேல் நாம் சொல்லும் நயமெல்லாம் நம் நயமே.

இலக்கியக் கேள்விகளில் வேறொரு சிக்கலும் உண்டு. சீறாப்புராணத்தின் பகுதிகள் தமிழ்ப் பாடநூல்களில் இடம்பெற்று வந்துள்ளன. விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களும் 5027 பாடல்களும் கொண்ட அக்காப்பியத்தில் உமறுப் புலவர் அரபு நாட்டை வருணிக்கும் நாட்டுப் படலத்தைப் படிக்கும் கூரிய பிள்ளை ஒன்று திகைத்துப் போகும். மேகம் எழுந்து மலையில் மழை பொழிகிறது. வெள்ளம் ஆறாகப் பெருகி வயலில் பாய்கிறது. உழவர் உழுது நெல் விளைவிக்கின்றனர். "அரபு நாடு பாலைவனம் என்று புவியியலில் படித்தேனே வாப்பா, புலவர் பொய்யா சொல்கிறார்?" என்று பிள்ளை கேட்டுவிட்டால் என்ன செய்வது?

இரண்டு விதமான தவறான விடைகள் நம் வீடுகளில் ஆயத்தமாக இருக்கின்றன. 'புலவர் என்றாலே பொய்தானே' என்று ஏளனமாகச் சிரித்துவிடுவது ஒன்று. 'அந்தக் காலத்தில் அங்கே ஆறுகள் ஓடின, நெல் விளைந்தது' என்று புலவரைக் காப்பாற்றப் புறப்படுவது மற்றொன்று. முன்னது ஒரு காப்பியத்தைப் பிள்ளையின் கையிலிருந்து தட்டிவிடுகிறது. பின்னது, புலவரின் மானத்தைக் காக்கும் பொருட்டுப் பூமியின் வரலாற்றையே மாற்றிவிடுகிறது. நல்லெண்ணத்தோடு சொன்னதாயினும் அது பொய்ச்சாட்சியே.

சொல்ல வேண்டிய விடை கடினமானதும் அன்று. பெருங்காப்பியம் மலை, கடல், நாடு, நகர், பருவம் முதலியவற்றை வருணிக்க வேண்டும் என்பது தண்டியலங்காரம் சொல்லும் தமிழ் மரபு. நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த நாட்டைப் பாட வந்த புலவர், ஒரு தமிழன் கண்ட செழிப்புகளில் எது உயர்ந்ததோ அதையே அந்நாட்டுக்கு அணிவித்தார். அவர் வாழ்ந்த எட்டயபுரமோ கரிசல் சீமை. அவருடைய வள்ளல் சீதக்காதியின் கீழக்கரையோ உப்புக் காற்று வீசும் கடற்கரை. இரண்டு ஊரிலும் ஆறு பெருகி வயலில் பாயக் காண்பதற்கில்லை. அப்படியானால் அந்த நெல்வயல்கள் அரேபியாவைப் பற்றிய செய்தியாக அங்கே நிற்கவில்லை. ஒரு மனிதரின் அன்பு எவ்வளவு தண்ணீரைக் கனவு கண்டது என்பதற்கு அடையாளமாக நிற்கின்றன. இவ்வளவையும் பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் உண்மையா என்று கேட்பதற்கு முன் அது எந்த வகைப்பட்ட வாக்கியம் என்று கேட்க வேண்டும் என்பதைப் பிள்ளை அன்றைக்கே கற்றுக்கொள்ளும்.

மானுக்குப் பிணை நின்ற படலத்தில் இது இன்னும் நுட்பமாகிறது. வேடன் வலையில் சிக்கிய பெண்மான், கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வருவதற்காக நாயகம் (ஸல்) அவர்கள் பிணை நிற்கிறார்கள். பிள்ளை கண் கலங்கப் படித்துவிட்டு, "இது உண்மையில் நடந்ததா?" என்று கேட்கும். இங்கே நெல்வயலைப் போல ஒதுக்கிவிட முடியாது. பேசப்படுபவர்கள் நபிகள் நாயகம் அல்லவா! இந்நிகழ்ச்சி பற்றிய அறிவிப்புகளின் வலிமை குறித்து ஹதீஸ் கலை வல்லுநரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அறவே ஏற்க மறுத்தோரும் உளர். பல வழிகளில் வந்திருப்பதால் ஓரளவு அடிப்படை உண்டென்று கொண்டோரும் உளர். இதை அப்படியே சொல்வதற்கு நம்மில் பலர் அஞ்சுகிறோம், பிள்ளையின் ஈமான் தளர்ந்துவிடுமோ என்று. அந்த அச்சத்துக்கு இடமில்லை என்பதே என் எண்ணம். உறுதிப்படாத ஒன்றை நாயகத்தின் பெயரால் சொல்லத் துணியாமல், ஓர் அறிவிப்பாளரின் நினைவாற்றலையும் நாணயத்தையும் அறிய ஊர் ஊராக அலைந்த முஹத்திஸ்களை விட நாயகத்தின் மீது அன்பு மிக்கோர் யார்? அவர்கள் எதையும் சரி பார்த்தது ஐயத்தினால் அன்று, அன்பினால்தான் என்று அறியும் பிள்ளை, காப்பியத்தையும் போற்றும், ஹதீஸ் கலையையும் போற்றும். தேர்வில் வரும் கேள்வியோ அப்படலத்தில் காணும் அருளுடைமை பற்றியது. அதற்குரிய விடை காப்பியத்துக்குள்ளேயே இருக்கிறது.

'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற பழமொழியை விளக்கச் சொல்லும் கேள்வியும் இத்தகையதே. வள்ளல் மறைந்த பின் வந்த புலவர் படிக்காசுத் தம்பிரான் அடக்கத்தலத்தில் நின்று பாடி அழ, கல்லறையிலிருந்து மோதிரம் அணிந்த கை வெளிப்பட்டது என்ற கதையை எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். நடந்ததா என்று பிள்ளை கேட்டால், கை வெளிப்பட்டதற்குச் சான்று இல்லை என்று கூசாமல் சொல்லிவிட்டு, சான்று உள்ளவற்றின் பக்கம் திருப்பலாம். சேதுபதியின் நண்பராயிருந்த இந்தக் கீழக்கரைப் பெருவணிகர் டச்சுக் கம்பெனியின் ஆவணங்களில் 'பெரிய தம்பி' என்ற பெயரால் குறிக்கப்படுகிறார். கதையும் வீணாகாது. ஒரு முஸ்லிம் வணிகரைப் பற்றி, இந்துப் புலவர் ஒருவரின் பெயரில், கை கல்லறையைத் திறந்து கொடுத்தது என்று ஒரு நாடு கதை கட்டிப் பேணுமானால், அந்த நாட்டார் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்தனர் என்பதற்கு அக்கதையே சான்றாகிறது. நடக்காத நிகழ்ச்சியும் சில வேளை, சொன்னவர்களைப் பற்றிய உண்மையான சாட்சியாக விளங்குகிறது.

இவ்வளவும் நமக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் ஒருமுறை நாற்பத்தெட்டு வினாக்கள் கேட்கப்பட்டபோது, அவற்றுள் முப்பத்திரண்டுக்கு 'எனக்குத் தெரியாது' என்றே விடை பகர்ந்தார்கள் என்று ஓர் அறிவிப்பு உண்டு. மதீனாவின் இமாமுக்கு இழுக்காகாத சொல், கடையடைத்து வீடு திரும்பிய வாப்பாவுக்கு இழுக்காகிவிடாது. தெரியாததைத் தெரிந்தது போல் சொல்லும் வாப்பாவைப் பிள்ளை ஒரு நாள் கண்டுபிடித்துவிடும். அன்று பாடத்தோடு வாப்பாவையும் ஐயுறத் தொடங்கும். 'தெரியவில்லை, நாளை நூலகத்தில் சேர்ந்து பார்ப்போம்' என்ற வாப்பாவிடம், அறிவு தேடப்பட வேண்டிய பொருள் என்பதையாவது அது கற்றுக்கொள்ளும். கைப்பேசிக் கருவிக்கு இந்த ஒரு சொல் எளிதில் வருவதில்லை. தெரியாத இடத்திலும் தங்கு தடையின்றிப் புனைந்து உரைக்கும் குறை அதற்கு இருப்பதைப் பயன்படுத்தியோர் அறிவர்.

இனி வரலாறு. உண்மையில் வாப்பாமார் வியர்ப்பது இங்கேதான்.

'மதுரை சுல்தான்களின் ஆட்சி பற்றிக் குறிப்பு வரைக' என்று ஒரு கேள்வி. தில்லிப் பேரரசின் ஆளுநராயிருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா 1335 அளவில் தனியாட்சி நிறுவியதும், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் விஜயநகரத்துக் குமார கம்பணரின் படையெடுப்பால் அது வீழ்ந்ததும் எழுதிவிடக் கூடியவை. வகுப்பில் ஆசிரியர் அவ்வாட்சியின் கொடுமைகளைச் சொல்லியிருப்பார். சக மாணவர்கள் திரும்பி நம் பிள்ளையைப் பார்த்திருப்பார்கள். முகம் சிறுத்து வந்து அது கேட்கும்: "வாப்பா, நம்ம ஆட்கள் அப்படியா செய்தார்கள்?"

இந்த இடத்தில் வாப்பாவின் நாவில் முந்திக்கொண்டு வரும் விடை, 'எல்லாம் நம்மைப் பழிக்க எழுதியது, நம்பாதே' என்பதாகும். பிள்ளையின் வாட்டம் உடனே தணியும். ஆனால் சான்று என்ன சொல்கிறது? தாஞ்சியரில் பிறந்து தில்லியில் காஜியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, 1340களில் இந்தக் கடற்கரையில் வந்து ஒதுங்கினார். அப்போது மதுரையை ஆண்ட கியாசுத்தீன் தாமகானீ அவருக்குச் சகலை முறை; இருவரும் அஹ்ஸன் ஷாவின் புதல்வியரை மணந்தவர்கள். சிறைப்பட்ட இந்துக்களை அந்தச் சுல்தான் கொன்ற விதத்தையும், பெண்களும் பிள்ளைகளும் கூடத் தப்பாததையும் தம் பயண நூலில் இப்னு பதூதா மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒருமுறை, கைதி ஒருவர் மீது கத்திகள் உருவப்பட்டபோது அவர் எழுந்துவிட்டார். எங்கே போகிறீர் என்று சுல்தான் வினவ, அஸர் தொழப் போகிறேன் என்றார். காரணம் புரிந்து சுல்தான் சிரித்தாராம். பெண்களையும் குழந்தைகளையும் கொல்லும் இவ்விழிசெயலை வேறெந்த அரசரிடமும் தாம் அறிந்ததில்லை என்றும், இதனாலேயே இறைவன் அவர் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் பதிந்துவிட்டுப் போகிறார் அந்தக் காஜி.

எழுதியவர் பகைவர் அல்லர். முஸ்லிம், மார்க்க அறிஞர், சுல்தானின் விருந்தாளி, உறவினர். திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயத்து 135ஆம் வசனம், நீதிக்குச் சாட்சி சொல்லும்போது அது தனக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருப்பினும் தயங்கக் கூடாது என்று கட்டளையிடுகிறது. சகலைக்கு எதிராகச் சாட்சி எழுதியவரை அறுநூற்றெண்பது ஆண்டு கழித்து நாம் பொய்யராக்குவதா? பிள்ளையிடம் சொல்ல வேண்டியது இதுவே: ஆம், அந்தச் சுல்தான் அப்படிச் செய்ததாக அருகிலிருந்து கண்ட முஸ்லிம் ஒருவரே எழுதியிருக்கிறார், செய்தது பாவம் என்றும் எழுதியிருக்கிறார். உன் பெயரும் அவர் பெயரும் ஒரு மொழியைச் சேர்ந்தவை என்பதற்காக அவர் செயலுக்கு நீ பொறுப்பாளி ஆக மாட்டாய், அவருக்கு வக்கீலாகவும் வேண்டியதில்லை. அந்த அவையில் உனக்கு முன்னோர் வேண்டுமென்றால், எழுந்து தொழப் போனவரை வைத்துக்கொள்.

சிறு பிள்ளையிடம் கொலைக் காட்சிகளை விரிக்கத்தான் வேண்டுமா? வேண்டா. குறைத்துச் சொல்வது வேறு, மாற்றிச் சொல்வது வேறு. வயதுக்கேற்பக் குறைத்துச் சொல்லலாம். பிற்பாடு வளர்ந்து முழுவதையும் படிக்கும்போது நாம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது. அவ்வளவே.

இதே தராசு மறுபக்கத்துக்கும் உரியது. கம்பணரின் வெற்றியைப் பாடிய மதுராவிஜயம் அவருடைய தேவியாகிய கங்காதேவி இயற்றிய வடமொழிக் காவியம். அழகிய நூல். ஆனால் வென்றவரின் மனைவி பாடிய காவியத்தைக் காவியமாகவே படிக்க வேண்டும், உமறுப் புலவரின் நெல்வயல்களை நாம் படித்தது போல. நம் காப்பியத்துக்கு ஒரு நியாயம், பிறர் காப்பியத்துக்கு ஒரு நியாயம் என்று இரண்டு வைத்துக்கொள்ள முடியாது.

நம் மீது சுமத்தப்படும் பழிகளையும் இத்தராசில் இடலாம். அலெக்சாந்திரியா நூலகத்தைக் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி எரித்தனர் என்பது பொது அறிவு நூல்களில் இன்றும் தலைகாட்டும் செய்தி. அந்நகர் முஸ்லிம்களிடம் வந்தது 642இல். இச்செய்தியோ ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்தே நூல்களில் முதன்முதலாகத் தோன்றுகிறது. எழுதியோரும் முஸ்லிம்களே என்பது வேடிக்கை. எகிப்தின் வீழ்ச்சியை அந்நூற்றாண்டிலேயே, வென்றவர் மீது கசப்போடு எழுதிய நிக்கியு நகர ஆயர் யோவான் அப்படி ஒன்று நடந்ததாகக் குறிப்பிடவில்லை. இடையில் ஐந்நூறு ஆண்டு அறுந்து கிடக்கும் அறிவிப்பை எந்த முஹத்திஸும் ஏற்க மாட்டார். கியாசுத்தீனைக் குற்றவாளியாக்கும் அளவுகோலே உமர் (ரலி) அவர்கள் மீதான பழியைத் துடைக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட நமக்கு வழியில்லை.

இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில், வரலாற்றுச் செய்திகளில் பொய் நுழைவதற்கான காரணங்களைக் கூறுமிடத்துச் சார்பு கொண்ட மனத்தைக் குறிப்பிடுகிறார். மனம் ஒரு கட்சியின்பால் சாய்ந்துவிட்டால், அதற்கு இசைந்த செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் ஆராயாமல் ஏற்றுக்கொள்கிறது என்பது அவர் கருத்து. மூஸா (அலை) அவர்களின் படை ஆறு லட்சம் என்று மஸ்ஊதீ போன்றோர் எழுதியதை அவர் மறுக்கும் விதம் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். அத்தனை பேர் அணி வகுத்தால் ஒரு கோடியில் நடப்பது மறு கோடிக்கு எப்படித் தெரியும்? யஃகூப் (அலை) அவர்களுக்கும் மூஸா (அலை) அவர்களுக்கும் இடையே சில தலைமுறைகளே இருக்க, ஒரு குடும்பம் அதற்குள் அவ்வளவு பெருகுமா? 'இத்தனை ஆயிரம் பேர் கொல்லப்பட்டனர்', 'இத்தனை ஆயிரம் ஒட்டகம் பொன் போயிற்று' என்று பாடத்தில் வரும்போதெல்லாம் பிள்ளை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கப் பழகட்டும். நம் பெருமைக்குரிய எண்களிலும் போட்டுப் பார்க்கட்டும்.

இதற்கெல்லாம் யார் மதிப்பெண் தருவார் என்று தாய்மார் கேட்பது காதில் விழுகிறது. பாடநூலில் உள்ளபடி எழுதினால்தானே மதிப்பெண்? உள்ளபடியே எழுதட்டும். பிறர் சொன்னதைப் பிறர் சொன்னதாக எடுத்துரைப்பது பொய்ச்சாட்சி ஆகாது. பலவீனமான அறிவிப்புகளையும் முஹத்திஸ்கள், யார் யாரிடம் கேட்டார் என்ற தொடரோடு எழுதி வைக்கத்தான் செய்தார்கள். 'இவ்வீழ்ச்சிக்குப் பாடநூல் கூறும் காரணங்கள்' என்று தொடங்கி எழுதினால் திருத்துபவரும் மதிப்பெண் தருவார், எழுதியவரின் நாணயமும் குலையாது. தேர்வு என்பது பெரும்பாலும், பாடத்தைப் படித்தாயா என்ற விசாரணைதான். 'உன் கருத்தை எழுதுக' என்று கேட்கும் வினாவில் மட்டும் தன் கருத்தையே எழுத வேண்டும். அதில் ஒரு மதிப்பெண் குறையலாம். அந்த இழப்பைப் பிள்ளையிடம் மறைக்கவும் வேண்டா, பெரிதாக்கவும் வேண்டா.

இன்னொன்றும் உண்டு. நம் தெருக்களில் மாலை வேளையில் டியூஷன் சொல்லித்தரும் ராத்தாமாரின் திண்ணையில் பக்கத்துத் தெரு இந்துப் பிள்ளையும் வந்து அமர்வதுண்டு. மதுரை சுல்தான்களைப் பற்றிய அதே கேள்வி அந்தப் பிள்ளையின் ஏட்டிலும் இருக்கும். நம் பிள்ளைக்கு ஒரு விடையும் அப்பிள்ளைக்கு ஒரு விடையும் அந்த ராத்தா சொல்வாரேயானால், இரண்டில் ஒன்றாவது பொய் என்பதை அவரே அறிவார். இருவரும் ஒரே பாயில் அமர்ந்திருக்கும்போது கூசாமல் சொல்லக் கூடியது எதுவோ, அதையே தனித்திருக்கும்போதும் சொல்ல வேண்டும். கியாசுத்தீனின் கொடுமையை இரு பிள்ளைகளும் ஒருங்கே கேட்கட்டும். இப்னு பதூதா எழுந்து போனதையும் கேட்கட்டும். அந்தச் சுல்தான்கள் வருவதற்கு முன்பே, 13ஆம் நூற்றாண்டில், பாண்டிய மன்னர் சோனகர் பள்ளி ஒன்றுக்கு நிலத்தை இறையிலியாக விட்டதையும், அந்த ஆணை திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டதையும் அதே மூச்சில் கேட்கட்டும். இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரைக்குப் போகும் வழியில், பத்துக் கிலோமீட்டர் அளவில் இருக்கிறது திருப்புல்லாணி. சீதக்காதியின் ஊருக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அங்கேயும் சற்று இறங்கிக் காட்டிவிட்டுப் போகலாம்.